தணலில் மூப்படையும் உலோகம்: ஓர் எளிய விளக்கம்

நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகளில், வாட்டுத் தொட்டிகளையும், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி உருளைகளையும் கடந்து வந்த இலை கடைசியாகச் சேரும் இடம் ட்ரையர் என்ற உலர்த்தும் இயந்திரம். அதன் பின்புறத்தில் விறகு உலை எரிந்துகொண்டிருக்கும். அந்தத் தணலோ புகையோ இலையைத் தொடுவதில்லை. உலையை ஒட்டியுள்ள ஹீட்டரின் குழாய்களில் சூடேறிய சுத்தமான காற்றே, 100 டிகிரி செல்சியஸ் அளவிலோ அதற்குச் சற்று மேலோ ட்ரையருக்குள் புகுந்து, தூளின் ஈரத்தை நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குக் கொண்டுவருகிறது. காற்றுக்கு இந்த வெப்பம் போதும். ஆனால் அந்தக் காற்றைச் சூடாக்கும் உலோகம் அதைவிடப் பன்மடங்கு வெப்பத்தில் பருவம் முழுவதும் கிடக்கிறது. இருட்டில் பார்க்கையில் ஓர் இரும்புக் கம்பி மங்கிய சிவப்பாகத் தெரிகிறது என்றாலே அது 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

விறகைத் தாங்கி நிற்கும் கிரேட் கம்பிகள் பெரும்பாலும் சாம்பல் நிற வார்ப்பிரும்பால் ஆனவை. சில பருவங்கள் உழைத்த ஒரு கம்பியை உலை ஆறிய பிறகு வெளியே எடுத்து, அதே அச்சில் வார்த்த புதுக் கம்பியின் பக்கத்தில் வைத்தால், பழையது நீளமாக இருக்கும். பெரும்பாலும் வளைந்தும் இருக்கும். சூட்டில் உலோகம் விரிவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த விரிவு, சூடு ஆறியதும் திரும்பிவிட வேண்டியது. இந்த நீட்சி திரும்புவதில்லை. யாரும் கம்பியை இழுக்கவில்லை, எதையும் சேர்க்கவுமில்லை. இருந்தும் அது வளர்ந்திருக்கிறது. ‘வெந்துபோச்சு’ என்ற ஒரே சொல்லில் உலைக்காரர்கள் கடந்துபோகும் இந்த நிகழ்ச்சியின் காரணம், கம்பியின் மேற்பரப்பில் உதிரும் துருச் செதிலில் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத உள்ளமைப்பில் இருக்கிறது. உயர் வெப்பத்தில் வேலை செய்யும் எல்லா உலோகக் கலவைகளுக்கும், தேயிலை உலையின் கம்பி முதல் விமான எஞ்சினின் டர்பைன் தகடு வரை, இதே வகையான மாற்றம்தான் ஆயுளை நிர்ணயிக்கிறது. அதையே உலோகவியலில் மூப்படைதல் என்கிறோம்.

முதலில், உள்ளமைப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஓர் எஃகுத் துண்டைக் கண்ணாடிபோல் பளபளக்கத் தேய்த்து, ஆல்கஹாலில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் கலந்த திரவத்தைச் சில விநாடிகள் அதன்மேல் தடவிக் கழுவினால், வழவழப்பாகத் தெரிந்த பரப்பில் அமிலம் சில இடங்களை அதிகமாகவும் சில இடங்களைக் குறைவாகவும் அரித்திருக்கும். நுண்ணோக்கியில் அது பல பலகோண வயல்களாகப் பிரிந்து தெரியும். 1860-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹென்றி கிளிஃப்டன் சார்பி என்பவர் முதன்முதலில் எஃகை இப்படிப் பார்த்தார். ஒவ்வொரு வயலும் ஒரு படிகமணி. அதற்குள் அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும். அடுத்த மணியில் அந்த அடுக்கின் திசை வேறு. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். மணிகளின் உள்ளேயும் எல்லைகளிலும் வேறு சேர்மங்களின் துகள்கள் சிதறியிருக்கும். மணிகளின் அளவு, எல்லைகள், துகள்களின் வகை, பருமன், இடைவெளி ஆகிய இவை எல்லாம் சேர்ந்ததுதான் நுண்ணமைப்பு.

ஒரு கலவையில் குரோமியம் எத்தனை சதவீதம், கார்பன் எத்தனை சதவீதம் என்பது அதன் வேதிக் கணக்கு. அதே கணக்கை வைத்துக்கொண்டு பல்வேறு நுண்ணமைப்புகளை உருவாக்கலாம். அவற்றின் வலிமை ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும். ஊட்டியில் வாங்கிய ஹோம்மேட் சாக்லேட்டைச் சில மாதம் அலமாரியில் விட்டுவைத்தால் மேலே வெள்ளை பூத்து, கடித்தால் முன்போல் மளுக்கென்று உடையாமல் மாவுபோல் நொறுங்குவதை இங்குள்ள எல்லாரும் பார்த்திருப்போம். அதில் எதுவும் கெட்டுப்போகவில்லை, எதுவும் குறையவுமில்லை. கோகோ கொழுப்பின் படிகங்கள் மட்டும் வேறு வடிவத்துக்கு மாறியிருக்கின்றன. பொருள் அதேதான், அடுக்கு மட்டுமே வேறு. உலோகம் மூப்படைவதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

அடுக்கு ஏன் மாற வேண்டும்? என் பார்வையில் இந்தப் பாடம் முழுவதற்கும் சாவி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நாம் விரும்பும் வலிமையான நுண்ணமைப்பு, இயற்கை விரும்பும் நிலையான நுண்ணமைப்பு அல்ல. எஃகை 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி வேகமாக ஆற்றும்போது, அணுக்கள் தமக்கு உகந்த இடங்களுக்குப் போய்ச் சேர அவகாசம் இல்லாமல் பாதி வழியில் உறைந்துவிடுகின்றன. அந்த அரைகுறை நிலையில் துகள்கள் மிக நுண்ணியவையாகவும் நெருக்கமாகவும் இருப்பதால்தான் எஃகு வலிமை பெறுகிறது. உலோகப் பட்டறையில் செய்யும் வெப்பச் சிகிச்சை என்பதே இப்படி அணுக்களை இடைவழியில் நிறுத்திவைக்கும் கலை. நிறுத்திவைத்த அணுக்களுக்கு மீண்டும் நகர வழி கிடைத்தால் விட்ட இடத்திலிருந்து பயணத்தைத் தொடரும். அந்த வழியைத் திறப்பது வெப்பம்.

திண்ம உலோகத்துக்குள் அணுக்கள் நகர்வது பலருக்கு வியப்பாக இருக்கலாம். படிக அடுக்கில் ஆங்காங்கே காலி இடங்கள் உண்டு. பக்கத்து அணு அதற்குள் தாவும். அது விட்டுவந்த இடம் அடுத்த அணுவுக்குக் காலியாகும். இந்தத் தாவல்களின் வேகம் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் அல்லாமல் அதைவிட மிகக் கடுமையாக ஏறுகிறது. பொது விதியாகச் சொன்னால், கெல்வின் அளவையில் ஓர் உலோகத்தின் உருகுநிலையில் நாற்பது சதவீதத்தைத் தாண்டியதும் இந்த நகர்வைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகுகிறது; கெல்வினில் 1811. அதில் நாற்பது சதவீதம் என்பது ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ். ஈயத்துக்கோ சாதாரண அறை வெப்பநிலையே உருகுநிலையில் பாதி. எனவேதான் பழைய கட்டடங்களின் ஈயக் குழாய்கள் தம் எடையிலேயே மெல்லத் தொய்ந்துவிடுகின்றன. ‘உயர் வெப்பம்’ என்ற சொல்லுக்கு எல்லா உலோகத்துக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது.

இதை வைத்துக்கொண்டு நம் மலையைச் சுற்றிப் பார்த்தால், எந்த உலோகம் மூப்படையும், எது மூப்படையாது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். பைக்காராவில் 1932-இல் மின்னுற்பத்தி தொடங்கிய நீர்மின் திட்டத்தைப் போன்றவற்றில் மலைச்சரிவில் இறங்கும் அழுத்தக் குழாய்கள் எத்தனை பதிற்றாண்டுகள் உழைத்தாலும், அவற்றின் நுண்ணமைப்பு வெப்பத்தால் மாறப்போவதில்லை. அவற்றுக்கு எதிரி துருவும் தேய்மானமும்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 முதல் ஏறிவரும் மலை ரயிலின் நீராவி எஞ்சின் சற்று வேடிக்கையான இடைநிலை. அதன் எரியறைக்குள் சுவாலை ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஆனால் தகட்டின் மறுபக்கத்தில் நீர் இருக்கிறது. அழுத்தத்தில் கொதிக்கும் அந்த நீர் 200 டிகிரி அளவிலேயே நிற்பதால், தகடும் அதைவிட வெகுவாகச் சூடாவதில்லை. நீர்மட்டம் குறைந்து தகட்டின் உச்சி வெளிப்பட்டால் நிலைமை நிமிடங்களில் தலைகீழாகிவிடும். ஓட்டுநர்கள் நீர்மட்டக் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்காததற்குக் காரணம் இதுவே. தேயிலை ஹீட்டரின் குழாயில் மறுபக்கம் இருப்பது காற்று. காற்று, நீரைப் போல வெப்பத்தை வாங்கிக்கொள்ளாது. ஆகவே குழாயின் உலோகம் நெருப்பின் பக்கம் சாய்ந்த வெப்பநிலையில் நிற்கிறது. சுவாலையின் சூட்டைக் காட்டிலும் உலோகத்தின் சூடுதான் முக்கியம் என்பதை இந்த இரண்டையும் ஒப்பிட்டாலே புரிந்துகொள்ளலாம்.

இப்போது வார்ப்பிரும்புக் கம்பிக்குத் திரும்பலாம். சாம்பல் வார்ப்பிரும்பில் மூன்று சதவீதத்துக்கு மேல் கார்பன் உண்டு. அதில் பெரும்பகுதி கிராஃபைட் என்ற மெல்லிய ஏடுகளாக உலோகத்துக்குள் விரவியிருக்கும். மீதமுள்ள கார்பன் இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கடினமான கார்பைடாகி, ஃபெர்ரைட் எனப்படும் மென்மையான இரும்போடு மாறிமாறி அடுக்கிய நுண்தகடுகளாக நிற்கும். இந்த அடுக்குக்குப் பெயர் பெர்லைட். கம்பியின் வலிமைக்குப் பெரும்பங்கு காரணம் அதுவே. ஆனால் சிமென்டைட் நிலையான சேர்மம் அல்ல. போதிய வெப்பமும் காலமும் கிடைத்தால் அது இரும்பாகவும் கிராஃபைட்டாகவும் பிரிந்துவிடும். கிராஃபைட்டின் அடர்த்தி இரும்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், அதே எடையுள்ள கார்பன் இப்போது அதிக இடத்தைப் பிடிக்கிறது. கம்பி உப்புகிறது.

இத்தோடு இது நிற்பதில்லை. கிராஃபைட் ஏடுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையாக இருப்பதால், அவற்றின் ஓரமாக உலை வாயுக்கள் உள்ளே ஊடுருவி, அங்குள்ள இரும்பை ஆக்சைடாக்குகின்றன. ஆக்சைடும் தான் உருவான இரும்பைவிட அதிக இடம் கேட்கும். தினமும் உலையை மூட்டி ஆற்றும்போது கம்பி 700 டிகிரிக்கு மேலுள்ள உருமாற்ற எல்லையை, அதாவது இரும்பின் அணு அடுக்கே வேறாக மாறும் வெப்பநிலையை, ஏறியும் இறங்கியும் கடந்தால், ஒவ்வொரு கடப்பிலும் நுண்விரிசல்கள் திறந்து வாயுவுக்கு மேலும் வழிவிடுகின்றன. கடுமையான சோதனைகளில் வார்ப்பிரும்பின் பருமன் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடிய பதிவுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உண்டு. இரு முனையிலும் இடம் விடாமல் பொருத்திய கம்பி வளைவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதற்கு உலோகவியலார் கண்ட தீர்வுகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. கார்பைடு உடையாதபடி சிறிது குரோமியத்தைச் சேர்ப்பது ஒரு வழி. மற்றொன்று, சிலிக்கனை ஐந்து ஆறு சதவீதத்துக்கு உயர்த்தி, வார்க்கும்போதே பெர்லைட் இல்லாமல் செய்துவிடுவது. பிரிவதற்குக் கார்பைடு இல்லாததால் கம்பி வளர்வதில்லை. உருமாற்ற எல்லையும் மேலே தள்ளிப்போகிறது. அறை வெப்பநிலையில் அந்த இரும்பு எளிதில் நொறுங்கக்கூடியது, சாதாரண வார்ப்பிரும்பைவிட மட்டமானது என்று கூடச் சொல்லலாம். ஆனால் அது ஏற்கெனவே போய்ச்சேர வேண்டிய நிலையிலேயே பிறந்துவிட்டதால், மூப்படைய அதனிடம் அதிகம் இல்லை. சூட்டில் நீண்டகாலம் நிற்க வேண்டிய பொருளுக்கு முதல் நாள் வலிமை ஏமாற்றக்கூடிய அளவுகோல் என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது.

எஃகிலும் கார்பைடு பிரிந்து கிராஃபைட் ஆவதுண்டு. சாதாரணக் கார்பன் எஃகில் 425 டிகிரி அளவுக்கு மேல் பல்லாயிரம் மணிநேரம் கழித்து இது நிகழும். அரை சதவீதம் மாலிப்டினம் சேர்த்த எஃகில் எல்லை சற்று உயர்ந்து 470 டிகிரி அளவில் நிற்கும். 1943-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்டேல் மின்நிலையத்தில் மாலிப்டினம் சேர்த்த எஃகு நீராவிக் குழாய் ஒன்று வெல்டிங்குக்கு அருகே திடீரென்று பிளந்தது. ஆராய்ந்தபோது, வெல்டிங்கின் சூடு பட்ட பகுதியை ஒட்டிக் கிராஃபைட் உருண்டைகள் சங்கிலிபோல் வரிசையாக அமைந்திருந்தது தெரியவந்தது. சிதறிக் கிடந்தால் ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடிய கிராஃபைட், வரிசையாக நின்றதால் கிழியும் கோடாகிவிட்டது. அதன் பிறகு நீராவிக் குழாய் எஃகில் குரோமியம் தவறாமல் இடம்பெறலானது.

கார்பைடு உடையாவிட்டாலும் அதன் உருவம் மாறும். பெர்லைட்டின் நுண்தகடுகளுக்கு எல்லைப் பரப்பு மிக அதிகம். பரப்பு அதிகமென்றால் அதில் தேங்கிய ஆற்றலும் அதிகம். அதைக் குறைத்துக்கொள்ளத் தகடுகள் ஆங்காங்கே அறுபட்டு உருண்டைகளாகின்றன. உருண்டைகளிலும் சிறியவை பெரியவற்றைவிட எளிதில் கரைகின்றன. கரைந்த அணுக்கள் உலோகத்தினூடே விரவிச் சென்று பெரியவற்றின்மேல் படிகின்றன. சிறியது மறைய, பெரியது மேலும் பெருக்கிறது. துகள்களின் மொத்தக் கனஅளவு மாறாதபோதும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது, இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. இந்தப் பருத்தலின் கணக்கை 1961-இல் லிஃப்ஷிட்ஸும் ஸ்லியோசோவும் ஒருபுறமும், வாக்னர் மறுபுறமும் எழுதினார்கள்: சராசரி ஆரத்தின் மும்மடி, காலத்தோடு நேர்விகிதத்தில் வளர்கிறது. அதாவது துகள் இரு மடங்காகப் பருப்பதற்கு ஒரு காலம் ஆனால், மீண்டும் இரு மடங்காவதற்கு ஏறத்தாழ எட்டு மடங்கு காலம் வேண்டும். மூப்பின் வேகம் தொடக்கத்தில் அதிகமாகவும் போகப்போகக் குறைந்தும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

துகள் பருத்தால் வலிமை ஏன் குறைய வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உலோகம் வளையும்போது படிக அடுக்குகள் முழுவதும் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதில்லை. அடுக்கில் உள்ள கோடுபோன்ற ஒரு குறை, டிஸ்லொகேஷன் எனப்படுவது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்து செல்கிறது. அது கடந்த இடமெல்லாம் ஓர் அணு அளவுக்கு வழுக்கியிருக்கும். அந்தக் கோட்டின் பாதையில் கடினமான துகள்கள் நெருக்கமாக இருந்தால், அது அவற்றுக்கிடையே கடுமையாக வளைந்து நுழைய வேண்டும். அதற்குப் பெரும் விசை வேண்டும். துகள்களுக்கிடையே இடம் அகன்றுவிட்டால் சிறிய விசையிலேயே நுழைந்துவிடும். உயர் வெப்பத்தில் அந்தக் கோடு துகளுக்கு மேலே ஏறிக் கடக்கவும் முடியும் என்பதால், சுமை சிறிதாக இருந்தாலும் உலோகம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல நீண்டுகொண்டே இருக்கும். இந்த மெதுவான நீட்சிக்கு ஊர்வு என்று பெயர். உயர்வெப்பக் கலவைகளை வடிவமைப்பவர்களின் கவலையில் பாதி இதைப் பற்றியதே.

மூப்பு எப்போதும் தீங்கு என்று எண்ணிவிடக்கூடாது. ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் 1906-இல் அலுமினியத்தோடு செம்பும் மக்னீசியமும் கலந்த ஒரு கலவையைச் சூடாக்கிக் குளிர்நீரில் அமிழ்த்தினார். உடனே அளந்தபோது எதிர்பார்த்த கடினம் இல்லை. சில நாட்கள் கழித்து அளந்தபோது கடினம் தானாகக் கூடியிருந்தது. செம்பு அணுக்கள் அலுமினியத்துக்குள் ஒன்றுகூடி, நுண்ணோக்கிக்கும் எட்டாத அளவில் திரண்டதே காரணம் என்பது பின்னர் விளங்கியது. துகள்கள் பிறந்து பெருகும் காலத்தில் வலிமை ஏறுகிறது. ஓர் உச்சத்தைத் தொடுகிறது. அதன் பின் பருத்தல் தொடங்கி வலிமை இறங்குகிறது. ஆலையில் இந்த உச்சத்தில்தான் கலவையை நிறுத்தி வெளியே அனுப்புகிறார்கள். உயர் வெப்பத்தில் வேலை செய்யும் பொருளுக்கு, வேலையே அந்தச் சிகிச்சையின் தொடர்ச்சியாக அமைந்துவிடுவதால், அது உச்சத்திலிருந்து இறங்கும் சரிவில் நின்றபடி உழைக்கிறது.

இந்தச் சரிவை மிக நீட்டிக் காட்டியவை நிக்கல் அடிப்படையிலான சூப்பர் அலாய்கள். 1940-களில் இங்கிலாந்தில் ஜெட் எஞ்சின்களுக்காக நிமோனிக் என்ற பெயரில் இவை உருவாகத் தொடங்கின. நிக்கலில் அலுமினியமும் டைட்டானியமும் சேரும்போது காமா பிரைம் என்ற துகள் பிரிகிறது. மூன்று நிக்கல் அணுவுக்கு ஓர் அலுமினிய அணு என்ற ஒழுங்கான அடுக்கு அதற்கு. இந்தத் துகளின் அடுக்கும் சுற்றியுள்ள நிக்கலின் அடுக்கும் ஏறத்தாழ ஒரே அளவானவை. வேறுபாடு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே இரண்டுக்கும் இடையிலான எல்லையில் தேங்கும் ஆற்றல் மிகச் சிறிது. பருத்தலைத் தூண்டுவதே எல்லை ஆற்றல் என்பதால், அது சிறிதானால் பருத்தலும் மெதுவாகிவிடும். இது தவிர இன்னொரு விசித்திரமும் உண்டு: பெரும்பாலான பொருள்கள் சூட்டில் இளகும்போது, காமா பிரைம் 700 டிகிரியைத் தாண்டும் வரை வலிமையில் ஏறுகிறது. இன்றைய டர்பைன் தகடுகளில் கனஅளவில் மூன்றில் இரண்டு பங்கு வரை இந்தத் துகள்களே. அரை மைக்ரான் அளவுள்ள கனசதுரங்களாக, குறுகலான நிக்கல் சந்துகள் இடையிட, செங்கல் கட்டுபோல் அடுக்கி நிற்கும்.

அவையும் மூப்படைகின்றன. 900 டிகிரிக்கு மேல், சுழற்சியின் மையவிலக்கு விசை தகட்டை ஓயாமல் இழுக்கும் நிலையில், அந்தக் கனசதுரங்கள் தமக்குள் இணைந்து, இழுவிசைக்குக் குறுக்கே நீண்ட தட்டுகளாகின்றன. சந்துகளின் வலைப்பின்னல் திசை மாறி, அகன்றுவிடுகிறது. ஒரு பழைய தகட்டை வெட்டிப் பார்த்து, தட்டுகளின் கிடப்பையும் தடிப்பையும் கொண்டு, எந்தப் பகுதி எவ்வளவு சூட்டில், எந்தத் திசை விசையில் உழைத்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட முடியும். பருத்தலைத் தாமதிக்க, நிக்கலுக்குள் மிக மெதுவாக நகரும் ரீனியம் என்ற அரிய தனிமத்தை மூன்று சதவீதம், பின்னர் ஆறு சதவீதம் என்று சேர்த்தார்கள். அளவு கூடியபோது வேறொரு தொல்லை முளைத்தது: ரீனியமும் டங்ஸ்டனும் சேர்ந்து ஊசிபோன்ற நொறுங்கும் சேர்மங்களாகப் பிரியத் தொடங்கின. வலிமை தருவதற்காகக் கரைத்துவைத்த தனிமங்களை அந்த ஊசிகள் உறிஞ்சிவிடுவதால் இழப்பு இருமடங்கு.

புதிய சேர்மங்கள் முளைப்பது எஃகுக்கும் உள்ள வழி. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அதிவேக ஈனுலை என்ற அணு உலையின் நீராவி உற்பத்திக் கலங்களுக்கு ஒன்பது சதவீதக் குரோமியமும் ஒரு சதவீத மாலிப்டினமும் கொண்டு, வனேடியமும் நியோபியமும் சிறிது சேர்த்த எஃகைத் தேர்ந்தார்கள். அதன் வலிமைக்கு மெல்லிய ஊசிப்பட்டை அமைப்பும், பட்டைகளின் எல்லையைப் பூட்டிவைக்கும் குரோமியக் கார்பைடும், உள்ளே சிதறிய நுண்ணிய நைட்ரைடு துகள்களும் காரணம். நீண்ட கால வெப்பத்தில் பட்டைகள் அகல்கின்றன, கார்பைடுகள் பருக்கின்றன, இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்து லாவெஸ் என்ற சேர்மம் மெல்லத் தலைகாட்டுகிறது. இந்த எஃகு ஆய்வுக்கூடங்களில் பல்லாயிரம் மணிநேரம் சோதிக்கப்படுவதற்குக் காரணம், ஆயிரம் மணிநேரச் சோதனையில் நல்ல பிள்ளையாக இருக்கும் எஃகு, லட்சம் மணிநேரத்தில் வேறு உருவம் எடுக்கக்கூடும் என்பதே.

தேயிலை உலைக்காரருக்கு இவற்றுள் நேரடியாகப் பயன்படக்கூடியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கதை. வார்ப்பிரும்பு சரிப்படவில்லை என்று உலையின் சில பகுதிகளுக்கு 25 சதவீதக் குரோமியமும் 20 சதவீத நிக்கலும் கொண்ட வெப்பத்தாங்கி ஸ்டெயின்லெஸ் தகட்டை வாங்கிப் பொருத்துவது உண்டு. செதில் உதிராமல் தாங்குவதில் அது மிகச் சிறந்தது. விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆனால் ஏறத்தாழ 600 முதல் 900 டிகிரி வரையிலான வீச்சில் நீண்டகாலம் கிடந்தால், அதன் மணி எல்லைகளில் சிக்மா என்ற இரும்பு–குரோமியச் சேர்மம் முளைக்கிறது. அது கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையுடையது. சூடாக இருக்கும்வரை தகடு பெரிதாகக் குறை காட்டாது. ஆறிய பின்தான் வினை: சாம்பலும் கரியும் தட்ட ஒரு சுத்தியலை எடுத்தால், புதிதாக இருந்தபோது வளைந்துகொடுத்த தகடு இப்போது விரிசல் விட்டு உடையும். எனவே இப்படி உழைத்த தகட்டை, குளிர்ந்திருக்கையில் தட்டி நிமிர்த்த முயலாமல் இருப்பதே நல்லது.

18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் கொண்ட சாதாரண 18–8 ஸ்டெயின்லெஸுக்கு வேறு பலவீனம். 450 முதல் 850 டிகிரி வரையிலான வீச்சில் அதன் மணி எல்லைகளில் குரோமியக் கார்பைடு படிகிறது. அதற்கான குரோமியம் எல்லையை ஒட்டிய மெல்லிய பட்டையிலிருந்தே எடுக்கப்படுவதால், துருவைத் தடுக்கும் பாதுகாப்பு அங்கே இல்லாமல் போகிறது. உலை எரியும் காலத்தில் இதன் விளைவு தெரியாது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் உண்டு; நீலகிரியின் மூட்டம் சூழ்ந்த மாதங்களில் நின்றுபோன உலைக்குள் அந்தச் சாம்பல் ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டின்மேல் ஒட்டிக் கிடந்தால், அரிப்பு அந்த எல்லைகள் வழியாகவே உள்ளே இறங்கும். சூட்டில் விளைந்த மூப்பு, குளிரிலும் ஈரத்திலும் வெளிப்படுகிறது. உலையை நிறுத்தும்போது சாம்பலை அகற்றி உலர்வாக வைப்பது வெறும் சுத்தப் பழக்கம் அன்று என்பதற்கு இது ஒன்றே போதும்.

வெப்பநிலைக்கும் காலத்துக்கும் உள்ள பேரத்தை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். லார்சன், மில்லர் ஆகிய இருவர் 1952-இல் தந்த சூத்திரம் இது: கெல்வின் வெப்பநிலையை, இருபதோடு காலத்தின் பத்தடி மடக்கையைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்க வேண்டும், காலம் மணிநேரத்தில் இருக்க வேண்டும். ஒரே சுமையில், இந்தப் பெருக்கல் தொகை சமமாக உள்ள நிலைகள் எல்லாம் ஒரே அளவு மூப்பைக் குறிக்கும். ஒரு குழாய் 550 டிகிரி செல்சியஸில், அதாவது 823 கெல்வினில், ஒரு லட்சம் மணிநேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ பதினொன்றரை ஆண்டுக்குச் சமம். லட்சத்தின் மடக்கை 5 ஆதலால், தொகை 823 பெருக்கல் 25, அதாவது 20,575. அதே குழாய் 560 டிகிரியில் ஓடினால், தொகை மாறாமல் இருக்க, காலம் சுமார் 50,000 மணியாகக் குறைகிறது. 575 டிகிரியில் ஓடினால் சுமார் 18,000 மணிதான். பத்து டிகிரிக்கு ஆயுள் பாதி. இருபத்தைந்து டிகிரிக்கு ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. வெப்பமானி சற்றே தவறாகக் காட்டினால் எத்தனை ஆண்டுகள் கணக்கில் விடுபடும் என்பதை இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். இருபது என்ற மாறிலி எல்லாக் கலவைக்கும் சரியாகப் பொருந்தாது, இடையில் புதிய சேர்மம் முளைத்தால் கணக்கே தடம் மாறும் என்பதால், இதை முடிவான விடையாகக் கொள்ளாமல் எச்சரிக்கையாகக் கொள்வதே முறை.

சரி, உழைக்கும் ஒரு குழாய் எந்த அளவு மூப்படைந்திருக்கிறது என்று எப்படி அறிவது? வாங்கியபோது தந்த சோதனைச் சான்றிதழ் இதற்கு உதவாது. அதில் உள்ள வேதிக் கணக்கு இன்றும் அப்படியேதான் இருக்கும்; அதில் உள்ள வலிமை எண் முதல் நாளுக்கு உரியது. மின்நிலையங்களில் செய்யும் வழி இது: குழாயை வெட்டாமல், அதன் மேற்பரப்பில் ஒரு சிறு இடத்தைப் பளபளக்கத் தேய்த்து, அமிலம் தடவி, அசிட்டோனில் நனைத்த செல்லுலோஸ் அசிடேட் படலத்தை அழுத்தி ஒட்டுகிறார்கள். காய்ந்த பின் உரித்தால், நுண்ணமைப்பின் மேடுபள்ளம் அச்சுபோல் அதில் பதிந்திருக்கும். அந்தப் படலத்தை நுண்ணோக்கியில் பார்த்து, பெர்லைட் எந்த அளவு உருண்டைகளாகிவிட்டது, எல்லைகளில் கார்பைடு எவ்வளவு திரண்டது, முக்கியமாக, ஊர்வால் மணி எல்லைகளில் நுண்துளைகள் தோன்றியுள்ளனவா என்று பார்க்கிறார்கள். தனித்தனித் துளைகள் என்றால் கண்காணித்தபடி ஓட்டலாம். துளைகள் வரிசையாகிவிட்டால் மாற்றும் ஏற்பாடு தொடங்க வேண்டும். இணைந்து விரிசலாகிவிட்டால் ஓட்டக்கூடாது. கூடவே கடினத்தையும் கையடக்கக் கருவியால் அளந்துகொள்வார்கள்.

மூப்பைத் திருப்ப முடியுமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. சிக்மா முளைத்த ஸ்டெயின்லெஸ் தகட்டை 1050 டிகிரி அளவுக்குச் சூடாக்கி விரைந்து ஆற்றினால் அந்தச் சேர்மம் மீண்டும் கரைந்துவிடும். டர்பைன் தகடுகளிலும் காமா பிரைமைக் கரைத்து மறுபடி நுண்துகள்களாகப் பிரியவைக்கும் சிகிச்சை உண்டு. வார்ப்பிரும்பில் வளர்ந்த வளர்ச்சியும், உள்ளே புகுந்த ஆக்சைடும் திரும்பாது. திறந்து, காற்றுப்பட்டு ஆக்சைடு ஏறிய விரிசலும் வெப்பத்தால் ஒட்டாது. மலையில் பெரும்பாலும் நடப்பது இவை எதுவும் அல்ல; உடைந்த இடத்தில் ஒரு புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்துவிடுவார்கள். பழைய தகடு மூப்பால் நொறுங்கும் தன்மை அடைந்திருந்தால், வெல்டிங் ஆறிச் சுருங்கும் இழுவையை அது தாங்காது. இணைப்புக்குச் சற்றுத் தள்ளி, பழைய பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். வெல்டர் சரியாகச் செய்யவில்லை என்று அவரைக் குறை சொல்வதற்கு முன், விரிசல் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று பார்ப்பது நியாயம். பழைய பக்கத்தில் ஓடியிருந்தால், அந்தத் தகட்டை மூப்பின் வீச்சுக்கு வெளியே வரும்வரை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை இணைக்க வேண்டும்.